முத்து மறைந்த கரையும் நாம் காக்கவேண்டிய செல்வமும்

ஜூபிலி மலர் ஒன்றில் ஆலயம் எழுந்த வரலாறும், பணியாற்றிச் சென்ற பங்குத் தந்தையரின் பெயர்களும், திருவிழாக்களின் சிறப்பும் இடம்பெறுவது வழக்கம். ஆயினும் ஆலயம் எழ ஒரு நிலம் வேண்டும். அந்நிலத்தில் மக்கள் வாழவேண்டும். அவர்கள் பிழைக்க ஒரு தொழில் வேண்டும். இம்மூன்றையும் நமக்குத் தந்தது நம் கடற்கரை. அதன் இயற்கையையும், அவ்வியற்கையோடு பின்னிப் பிணைந்த நம் முன்னோரின் மரபையும் பங்கு மக்கள் அனைவரும், சிறப்பாக நம் இளைஞர்களும் இளம்பெண்களும், அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆவலால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கன்னியாகுமரி முனையிலிருந்து வடகிழக்காக நீண்டு செல்லும் இக்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். பெரியதாழை, மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பாறு, வேம்பாறு என்று இக்கரையின் ஊர்கள் மாலையில் கோத்த மணிகளைப் போல வரிசையாக அமைந்துள்ளன. ஆனால் இன்று இங்கு முத்துக் குளிப்பார் எவரும் இல்லை. பெயர் நிலைத்திருக்கிறது, பெயருக்குக் காரணமான தொழில் மறைந்துவிட்டது. முத்து மறைந்த பின்னரும் நமக்கு எஞ்சியிருக்கும் செல்வம் எது, அதையேனும் நம் பிள்ளைகளுக்கு முழுதாக விட்டுச் செல்வோமா என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவது.

கடல் விலகிய கதை

பண்டைத் தமிழ்ப் புலவர்கள் கொற்கைத் துறையின் முத்தைப் புகழ்ந்து பாடினர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூலும் பாண்டிய நாட்டுக் கொற்கையைக் குறிப்பிட்டு, தண்டனை பெற்ற கைதிகள் அங்கே முத்துக் குளிப்பதில் ஈடுபடுத்தப்பட்டதைச் சொல்கிறது. தமிழகத் தொல்லியல் துறையினர் 1968-69ஆம் ஆண்டில் கொற்கையில் அகழாய்வு செய்தனர். அங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 785 அளவினது எனக் கணிக்கப்பட்டது.

இவ்வளவு சிறப்புமிக்க துறைமுகத்தைக் காண இன்று செல்பவர்கள் வியப்படைவர். அங்கே கடல் இல்லை. வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூராக, கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது கொற்கை. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல், கழிமுகத்தைத் தூர்த்துக் கடலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. கொற்கை தூர்ந்ததும் பழையகாயல் துறைமுகமாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, காயல் துறையில் குதிரைகளோடு கப்பல்கள் வந்து இறங்கியதை எழுதினார். பழையகாயலும் தூர்ந்தபின் புன்னைக்காயல் தலையெடுத்தது. அதற்குப் பின் தூத்துக்குடி. ஆறு ஒவ்வொரு துறையாக மூடிக்கொண்டே வர, மக்கள் ஒவ்வொரு துறையாகப் பெயர்ந்துகொண்டே வந்தனர். கரை என்பது என்றும் அசையாமல் கிடக்கும் பொருளன்று. அது வளரும், தேயும், இடம் மாறும் என்பதை நம் முன்னோர் நூல் படித்து அறியவில்லை. வீடு மாற்றி அறிந்தனர்.

முத்துக் குளித்த காலம்

கரையிலிருந்து சில கல் தொலைவில் கடலடியில் பாறைத் திட்டுகள் உள்ளன. இவற்றைப் பார் என்பர். தொலையிரம் பார் போன்ற பெயர்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். முத்துச்சிப்பிகள் இப்பார்களில்தான் ஒட்டி வளரும். வாடைக் காற்று அடங்கிக் கச்சான் தொடங்குமுன், மார்ச் முதல் மே வரை கடல் அமைதியாகக் கிடக்கும் நாட்களே முத்துக்குளிக்கும் காலம்.

குளிப்பவர் காலில் ஒரு கல்லை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறும் கழுத்தில் வலைப்பையுமாக ஏறத்தாழ பத்துப் பாகம் ஆழத்திற்கு இறங்குவார். ஒரு பாகம் என்பது ஆறடி. அடிக்கடலில் மூச்சை அடக்கி ஒரு நிமிடம் போலத் தங்கிச் சிப்பிகளைப் பையில் அள்ளியதும் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் உடனே இழுக்கவேண்டும். சற்றுத் தாமதித்தாலும் உயிர் தங்காது. ஆதலால் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் பெரியோர் சொல்வர். தன் சகோதரியின் தாலிக்காகவேனும் அவர் கண் இமைக்காமல் காத்திருப்பார் என்பது அந்த நம்பிக்கை. குடும்ப உறவே தொழிலுக்குக் காப்பாக இருந்த காலம் அது.

கடலில் சுறாவின் அச்சமும் உண்டு. சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்வோர்க்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. ஆழத்தில் இறங்கி உயிரைப் பணயம் வைத்தவனிடம் கரையில் நின்றவர்கள் பங்கு கேட்டது அன்றே தொடங்கிவிட்டது. பாண்டியருக்குப் பின் போர்த்துக்கீசியரும், 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், அதன்பின் ஆங்கிலேயரும் இந்த முத்துக்காகவே நம் கரையில் காலூன்றினர்.

காற்றும் புனிதரும்

16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்துத் தொழிலில் மேலாண்மை பற்றி எழுந்த கடும் பூசலில் நம் முன்னோர் துன்புற்றனர். அவர்களின் தூதுக்குழு கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கோரியது. அதன் விளைவாக 1536ஆம் ஆண்டையொட்டி இக்கரையில் பல்லாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இங்கு வந்தார். மணப்பாட்டுக் குன்றின் கடலை நோக்கிய குகையில் அவர் தங்கிச் செபித்தார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம் மரபு.

சவேரியார் இக்கரையிலிருந்து எழுதிய கடிதங்கள் பல இன்றும் உள்ளன. அவற்றுள் 1544ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மணப்பாட்டிலிருந்து எழுதியவை நம் உள்ளத்தை உருக்குவன. வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர் ஊர்களைத் தாக்கவே, மக்கள் உயிர்தப்பிக் கடலுக்குள் உள்ள பாறைகளில் ஏறித் தஞ்சம் புகுந்தனர். உணவும் குடிநீரும் இன்றி அங்கே மடிந்துகொண்டிருந்தனர். செய்தி கேட்ட சவேரியார் 20 தோணிகளுடன் மணப்பாட்டிலிருந்து உடனே புறப்பட்டார். ஆனால் எதிர்க்காற்று கடுமையாக வீசியது. துடுப்பு வலித்தும் தோணிகள் முன்னேறவில்லை. கயிறு கட்டி இழுத்தும் முன்னேறவில்லை. குமரி முனையை அடைய முடியாமல் அவர் மணப்பாட்டிற்கே திரும்ப நேர்ந்தது. பின்னர் தரைவழியே சென்று அம்மக்களைக் கண்டு ஆறுதல் அளித்தார்.

ஜூன் மாதத்துக் கச்சான் காற்று எத்தகையது என்பதை நம் மீனவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. புனிதரின் அன்பும் இருபது தோணிக்காரரின் துணிவும் சேர்ந்தும் வெல்ல முடியாத காற்று அது. இந்நிகழ்ச்சியில் நாம் காணவேண்டியது இன்னொன்றும் உண்டு. வேற்றூரார் பாறையில் தவிக்கிறார்கள் என்று கேட்டதும், காற்றின் பருவம் நன்கறிந்த மணப்பாட்டுத் தோணிக்காரர்கள் அக்காற்றுக்கு எதிரே தோணி தள்ளினார்கள். அவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களே நம் முன்னோர்.

குன்றும் கழிமுகமும்

மணப்பாட்டுக் குன்று மலையன்று. காற்றும் கடலும் சேர்த்த மணல் சுண்ணாம்புச் சத்தால் இறுகிக் கல்லான மேடு. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று 1540இல் இங்குக் கரைசேர்ந்ததும், முறிந்த பாய்மரத்தில் செய்த சிலுவையை நேர்த்திக்கடனாக அதன் தலைவர் இக்குன்றில் நாட்டியதும் ஊர் மரபு கூறும் செய்திகள். அங்கே 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தின் செப்டம்பர் 14ஆம் நாள் பெருவிழாவிற்குச் சுற்றுவட்டாரம் முழுவதும் திரண்டு வரும்.

இக்குன்று கடலுக்குள் துருத்திக்கொண்டிருப்பதால், தெற்கிலிருந்து அலை எழும்போது அதன் வடபுறத்துக் குடாவில் கடல் அடங்கியிருக்கும். மரக்கலங்கள் ஒதுங்க இயற்கையே கட்டித்தந்த துறை இது. அருகே கருமேனி ஆறு கடலோடு கலக்கிறது. ஆறு வற்றும் காலத்தில் அலைகள் கொணரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துத் திட்டாக நீளும். மழைக்காலத்து வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு பாயும். குன்றின் மேலுள்ள ஆலயமோ, கடலிலிருந்து கரை திரும்புவோர்க்கு முதலில் தெரியும் அடையாளம். ஆலயக் கோபுரத்தையும் பின்னால் தெரியும் ஒரு மேட்டையோ பனங்கூட்டத்தையோ நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்தே, நடுக்கடலில் மீன் கிடைக்கும் பாரை நம் பெரியோர் கண்டுபிடித்தனர். கருவிகள் வருமுன் கோபுரமே அவர்களுக்குத் திசைகாட்டி.

தேரியும் பனையும்

கடற்கரையிலிருந்து உள்ளே சற்று நடந்தால் மணலின் நிறம் மாறும். திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரங்களில் செக்கச் செவேலென்று விரிந்து கிடக்கும் மணற்காட்டைத் தேரி என்கிறோம். மணல் துகள்களின் மேல் படிந்த இரும்புத் துருவே இச்சிவப்பிற்குக் காரணம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்துவரும் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் இம்மணலை இன்றும் வாரி இறைக்கிறது. இத்தேரிகளில் ஆதி மனிதர் பயன்படுத்திய நுண்ணிய கல் ஆயுதங்கள் கிடைத்துள்ளன. மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம் முதலிய இடங்களில் கிடைத்தவற்றை ஆராய்ந்து சாய்னர், ஆல்சின் என்னும் அறிஞர்கள் 1956இல் வெளியிட்டனர். கொற்கைக்கும் முற்பட்ட காலத்திலேயே இக்கரையில் மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு இவையே சான்று.

பறக்கும் தேரி மணலைப் பிடித்து நிறுத்தியது பனை. பனையேறிகளும் மீனவர்களும் வெவ்வேறு தொழிலினர் ஆயினும் ஒருவரின்றி மற்றவர் இல்லை. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் கிளிஞ்சலும் சூளையில் வெந்து சுண்ணாம்பாகும். அச்சுண்ணாம்பைத் தடவிய கலயத்தில் வடிந்தால்தான் பாளைச்சாறு புளிக்காமல் பதநீராகும். பதநீர் காய்ந்து உடன்குடிக் கருப்பட்டியாகும். கருப்பட்டியும் ஓலைப்பெட்டியும் கடற்கரைக்கு வர, கருவாடு உள்நாட்டுக்குச் சென்றது. மணப்பாட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளும் கொட்டான்களும் இந்த உறவின் எச்சமே.

இம்மணலுக்கு மற்றொரு பெரும் பயனும் உண்டு. பெய்யும் மழையை மணல் உறிஞ்சித் தனக்குள் தேக்குகிறது. உப்பு நீரைவிட நல்ல நீர் எடை குறைந்தது. ஆகவே நிலத்தடியில் கடல்நீருக்கு மேலாக நல்ல நீர் மிதந்து நிற்கிறது. அலையிலிருந்து சில அடி தொலைவில் ஊற்றுத் தோண்டினாலும் குடிக்கத்தக்க நீர் சுரப்பதற்கும், திருச்செந்தூர் நாழிக்கிணறு கடலோரத்தில் இருந்தும் உவர்க்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம். ஆனால் அளவுக்கு மீறி இறைத்தாலும், மணலை அள்ளிச் சென்றாலும், கீழே காத்திருக்கும் உப்புநீர் மேலே ஏறிவிடும். ஒருமுறை உவர்த்த கிணறு மீண்டும் இனிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

நம் கரையின் சொற்செல்வம்

நம் கரை தமிழுக்குச் செய்த தொண்டையும் மறத்தலாகாது. சவேரியாருக்குப்பின் வந்த சேசுசபைத் துறவி அண்டிரிக் அடிகளார் அரை நூற்றாண்டு இக்கரையில் வாழ்ந்து, மீனவ மக்களிடமே தமிழ் கற்றார். அவருடைய முயற்சியால் 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியது. இந்திய மொழிகளுள் முதன்முதலில் தன் எழுத்திலேயே அச்சுக்கண்ட மொழி தமிழ் என்னும் பெருமை இதனால் வந்தது. அந்த அச்சுப்பணிக்கு நம் முன்னோரும் பொருளுதவி செய்தனர்.

அச்சேறாத செல்வம் அதனினும் பெரிது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் சோநீவாடு. வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வாநீவாடு. எக்காற்றில் எம்மீன் வரும், எந்த நீவாட்டில் வலை விடலாகாது என்பதெல்லாம் இச்சொற்களுக்குள் அடங்கிய அறிவு. இச்சொற்களுள் பல முதியோர் சிலரின் நாவில் மட்டும் எஞ்சியுள்ளன. ஒரு முதியவரை அடக்கம் செய்யும்போது அவருடன் எத்தனை சொற்கள் புதைகின்றன என்பதை நாம் எண்ணுவதில்லை.

இழந்தவையும் எஞ்சியவையும்

முத்துக்கு என்ன நேர்ந்தது? முத்துப் பார்கள் சில ஆண்டுகள் நிறைந்தும் பல ஆண்டுகள் வெறுமையாகவும் இருப்பது பழங்காலம் தொட்டே கண்டதுதான். நெடிய இடைவெளிக்குப்பின் 1955இல் சிப்பி பெருகியது. அரசின் மேற்பார்வையில் ஆண்டுதோறும் குளித்தனர். 1961உடன் அது நின்றது. இனியும் ஒருமுறை வரும் என்று காத்திருந்தவர்கள் முதுமையடைந்து மறைந்தனர். 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர். ஆயினும் கயிற்றைப் பிடித்து இறங்கும் காலம் திரும்பவில்லை. ஈராயிரம் ஆண்டு புகழ் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் முடிந்துபோயிற்று.

தீவுகளும் மறைந்தன. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பல்லாண்டுகள் வெட்டி எடுத்ததால், அலையைத் தடுக்க அரண் இன்றிப் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. இத்தீவுப் பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், கன்னியாகுமரி வரையிலான கடல் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. கடற்கரைத் தாதுமணலைத் தனியார் அள்ளுவதற்கு 2013இல் தமிழக அரசு தடை விதித்தது. மீன்கள் இனம்பெருக்கும் காலத்தில் விசைப்படகுகள் தொழிலுக்குச் செல்லாதிருக்கும் தடை 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. இவையெல்லாம் இழப்பு நேர்ந்தபின் வந்த விழிப்புகள்.

நம் மக்களின் மனம் வறண்டுவிடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1973 ஜனவரியில் மணப்பாட்டுக் கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கி மாண்டன. 2016 ஜனவரி 11ஆம் நாள் மீண்டும் அவ்வாறே மணப்பாட்டுக்கு அண்மையில் 80க்கும் மேற்பட்டவை கரையேறின. அப்போது மீனவர்கள் தாமே முன்வந்து, உயிரோடிருந்தவற்றைப் படகில் கட்டி ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டனர். பல மீண்டும் கரைக்கே வந்து மாண்டன. ஆயினும் அம்முயற்சி 1544இல் காற்றுக்கு எதிரே தோணி தள்ளிய அதே குருதியிலிருந்து வந்தது என்றால் அது மிகையாகாது.

2024 பிப்ரவரி 28ஆம் நாள் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றிச் செல்லவேண்டியதில்லை; திறந்த கடல் மட்டுமே உண்டு என்பதால் இவ்விடத்தைத் தேர்ந்தனர். ஒருகாலத்தில் முத்துக்காக நம்மை நாடி வந்த உலகம் இப்போது நம் வானுக்காக வருகிறது. வளர்ச்சியை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வரும்போது, கரையில் நின்று பங்கு கேட்பவர் ஒருபுறமும் ஆழத்தில் இறங்குபவர் மறுபுறமுமாகப் பழைய கதை தொடரலாகாது. நம் துறையும் கிணறும் தொழிலும் கேடுறலாகாது என்பதே நம் வேண்டுகோள்.

நாம் செய்யக்கூடியவை

பெருஞ்செயல்களை அரசு செய்யட்டும். நம் கைக்கு எட்டியவற்றை நாம் செய்வோம். கரை மணலைப் பின்னிப் பிடித்திருக்கும் அடப்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் களை என்று எண்ணிப் பிடுங்காதிருப்போம். விழுந்த பனைக்கு ஈடாகப் பனங்கொட்டை ஊன்றுவோம். அந்தப் பனை பயன்தர ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆகும். நமக்காக ஊன்றியவர்களும் தம் கையால் அதன் பதநீரைக் குடித்திருக்கமாட்டார்கள். கரையேறி முட்டையிடும் ஆமையைத் தொந்தரவு செய்யாதிருப்போம். நம் பங்கு இளைஞர்கள் முதியவர்களிடம் அமர்ந்து, காற்றின் பெயர்களையும் பார்களின் பெயர்களையும் மீன்களின் பெயர்களையும் ஏட்டில் எழுதி வைக்கட்டும். நம் திருமுழுக்கு ஏடுகளைப் போலவே அவ்வேடும் ஆலயத்தில் பாதுகாக்கப்படட்டும்.

முத்து நம்மை விட்டு நீங்கியது. அதைத் தடுக்க நம் முன்னோரால் இயலவில்லை. ஆனால் மணலும், மணலுக்குள் மிதக்கும் நன்னீரும், பனையும், காற்றை அறியும் அறிவும் இன்றும் நம்மிடம் உள்ளன. அடுத்த ஜூபிலி மலரை எழுதப்போகும் நம் பேரப்பிள்ளைகள், இவற்றையும் இழந்தவை என்னும் தலைப்பின்கீழ் எழுத நேராதிருக்க, கடலையும் கரையையும் படைத்த இறைவன் நமக்கு நல்லறிவும் ஒற்றுமையும் தந்தருள்வாராக.